ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில்

"குனி! தலையைத் தூக்காதை!"

அம்மாவின் குரல். குளக்கட்டின் ஓரமாகத் தவழ்கிறோம். கட்டு ஆள் உயரம். மறுபுறத்திலிருந்து சுடுகிறார்கள். கட்டு இருக்கும்வரை பயமில்லை. ஓரிடத்தில் கட்டு உடைந்து கிடக்கிறது. ஒரு வீட்டு முற்றமளவு வெட்டவெளி. அதைத் தாண்டினால் மறுபடியும் கட்டு. தாண்டியாக வேண்டும். பின்னால் ஷெல் வந்து வெடிக்கிறது. திரும்பிப் போக இடமில்லை.

காலை நேரம். வெயில் ஏறிவிட்டது. என்ன திகதி என்று தெரியாது. பங்கர்க் குழிக்குள் கிடந்ததில் திகதி தவறிப்போயிற்று. இதற்குச் சில நாட்களுக்கு முன் அப்பா தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல்லில் போய்விட்டார். இப்போது மூன்று பேர். அம்மா. நான், பதினெட்டு வயது. தம்பி, ஆறு வயது.

எங்களுக்கு முன்னே ஒரு பெண் ஓடுகிறாள். பாதி வழியில் விழுகிறாள். விழுந்த பிறகுதான் சத்தம் வருகிறது. 'டக்'. காய்ந்த மட்டை முறிவது போல. ஒரே ஒரு சத்தம். சுட்டவனைக் காண முடியாத தூரம். எந்தப் பக்கத்துத் துவக்கு என்றும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

"வெடி கேட்டவுடனை ஓடுங்கோ! நிக்காதேங்கோ! அடுத்த வெடிக்கு நேரம் எடுக்கும்!"

வெட்டவெளிக்கு அப்பால், கட்டு மறுபடி தொடங்கும் இடத்திலிருந்து ஒரு மனிதர் கத்துகிறார். சாரம் கட்டியிருக்கிறார். மேலுக்குச் சேட்டில்லை. அவர் ஏற்கெனவே தாண்டிவிட்டவர். அங்கேயே கிடந்து பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். தூரத்தில் இருப்பவனிடம் ஒரு துவக்கு. சுட்டால் அது தோளில் உதைக்கும். குறி கலையும். மறுபடி பிடிக்க வேண்டும். அதற்குள் இரண்டு பேர் தாண்டலாம்.

ஆனால் முதலில் ஒருவர் போக வேண்டும். வெடியை வாங்க. இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. வரிசையில் கிடந்த எல்லோருக்கும் விளங்கிற்று. எல்லோரும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

அம்மா பையைக் கழற்றி என் தோளில் மாட்டினார். தம்பியை என் இடுப்பில் ஏற்றினார்.

"நான் போறன். சத்தம் கேட்டவுடனை ஓடு. என்னைப் பாக்காதை."

ஓடினார். அம்மா ஓடி அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. விழுந்தார். சத்தம் வந்தது. நான் ஓடினேன். அம்மாவின் கால்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தம்பியின் முகம் என் கழுத்துக்குள் புதைந்திருந்தது. சேட்டில்லாத மனிதர் எங்களை இழுத்து மண்ணில் போட்டார். எங்களுக்குப் பின்னால் இன்னொரு பெண்ணும் தாண்டி வந்து சேர்ந்தாள். அதன் பிறகுதான் அடுத்த வெடி கேட்டது.

அம்மாவை எடுக்க முடியவில்லை. அவர் அந்த வெளியிலேயே கிடந்தார். அவருக்கு மேலால் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது டோர்ட்மண்டில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. போருக்குப் பிறகு சித்தப்பா எங்கள் இருவரையும் இங்கே எடுப்பித்தார். தம்பி இங்கேதான் படித்தான். தமிழைவிட ஜெர்மன் நன்றாக வரும். கணக்கில் புலி. ஆஹென் நகரத்தில் பொறியியல் படிக்கிறான். முடிக்கப் போகிறான். அவனைப் பற்றி நான் பெருமையடிக்காத ஆளில்லை. இல்லத்தில் நான் குளிப்பாட்டும் கிழவிகளுக்குக்கூட அவன் பெயர் தெரியும்.

சித்திரைப் பௌர்ணமிக்கு வந்தான். தாயை இழந்தவர்கள் விரதம் பிடிக்கும் நாள். அம்மா போன திதி எங்களுக்குத் தெரியாது. அதனால் இந்த ஒரு நாள்தான் இருக்கிறது. எத்தனை பரீட்சை இருந்தாலும் அவன் வராமல் விட்டதில்லை. நான் மரக்கறி சமைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் குசினி மேசையில் மடிக்கணினியைத் திறக்கிறான்.

"அக்கா, திங்கக்கிழமை எனக்கு ஃபோர்ட்ராக், என்ரை ஆய்வைப் பற்றி எல்லாருக்கும் முன்னாலை பேசவேணும். ஒருக்காச் சொல்லிப் பாக்கிறன். கேளுங்கோ."

கேட்டேன். எனக்குச் சந்தோஷம். அவன் வாசிக்கும்போது சின்னப் பிள்ளையில் பாட்டுப் போட்டிக்கு நின்ற மாதிரியே நிற்பான்.

அவன் ஆறு மாதமாக ஒரு தொழிற்சாலையில் படிப்புக்கான இறுதி ஆய்வு செய்கிறான் என்பது தெரியும். உலோக வேலை என்றுதான் சொல்லியிருந்தான். அன்றுதான் தெரிந்தது, அது தோட்டா. நீண்ட தூரத் துவக்குக்கான புதிய தோட்டா. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறை குறை பார்ப்பது அவன் வேலை. திங்களன்று அதைச் சொல்லி முடித்தால் அங்கேயே நிரந்தர வேலை. ஓம் என்பதா இல்லையா என்று அன்றே சொல்ல வேண்டும்.

அகப்பை என் கையில் இருக்கிறது. அவன் சொல்லிக்கொண்டு போகிறான். பழையது தூரத்தில் கல்லெறிந்த மாதிரி வளைந்து விழும். புதியது நேரே போகும். காற்று அவ்வளவாகத் தள்ளாது. கடைசிவரை வேகம் குறையாது. எடையும் குறைவு, கூடுதலாகக் காவிக்கொண்டு போகலாம். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று வளைகிறது. ஒன்று வளையவில்லை. வடிவாகக் கீறியிருந்தான்.

"நல்லதுகள் கனக்கச் சொல்லுறாய். கூடாதது ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு அக்கா. துவக்குக் குழல் கெதியாத் தேயும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே சிரித்தேன். எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து, நோகிறது யாருக்கு என்றால் குழலுக்கு. அவனும் ஏன் என்று தெரியாமல் கூடச் சிரித்தான். பிறகு நான் கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. வாய் கேட்டது.

"ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையிலை எவ்வளவு நேரம்?"

அவன் முகம் மலர்ந்தது. அக்காவுக்கு விளங்குகிறது என்ற மகிழ்ச்சி.

"அதுதான் அக்கா இதிலை பெரிய விசயம்! உதை குறைவு. கண் குறியை விட்டு விலகாது. எங்கை பட்டதெண்டு அப்பிடியே பாக்கலாம். அடுத்ததை உடனை விடலாம்."

அடுப்பை அணைத்தேன். கதிரையில் இருந்தேன். அவனுக்குக் குளக்கட்டைப் பற்றித் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன், பல தடவை. அவனுக்கு நினைவில்லை, ஆனால் தெரியும். அன்று மறுபடியும் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை. அம்மா விழுந்தது. நான் ஓடியது. அவன் முகம் என் கழுத்தில் இருந்தது. அடுத்த வெடி பிந்தி வந்தது.

"அந்த நேரம் இருந்தபடியாத்தான் நீ இருக்கிறாய். அதைத்தானே குறைச்சிருக்கிறாய்."

அவன் வெளுத்துப்போனான். மடிக்கணினியை மூடினான். அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. அழுதான். அழுதுவிட்டுச் சொன்னான்.

"எங்களிட்டைப் பலம் இல்லாதபடியாத்தானே அம்மாவுக்கு அப்பிடி நடந்தது? இப்பிடி ஒண்டு எங்களைக் காப்பாத்திற ஆக்களிட்டை இருந்திருந்தால் அம்மா இருந்திருப்பா."

"அப்ப வேறை ஆரோ ஒராளின்ரை அம்மா விழுந்திருப்பா."

"இஞ்சை கிட்டத்திலேயே சண்டை நடக்குது அக்கா. எல்லாரும் பயப்பிடினம். நான் செய்யாட்டி வேறை ஆரோ செய்வினம்."

"செய்யட்டும். அவையளுக்காக எங்கடை அம்மா ஓடேல்லை."

அவன் மடிக்கணினியைப் பைக்குள் வைத்தான். நான் அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தேன். பயப்படுகிறவர்களுக்குத் துவக்கு வேண்டும். அது எனக்கு விளங்காமல் இல்லை. நானும் அந்தக் கட்டுக்குப் பின்னால் கிடந்தபோது யாராவது அந்தத் துவக்குக்காரனைச் சுட்டு விழுத்த மாட்டார்களா என்று வேண்டினேன். அது உண்மை. எழுதாமல் விடக்கூடாது.

அம்மாவுக்குப் படைத்தோம். சாப்பிட்டோம். பயற்றங்காய்க் கறி அவனுக்குப் பிடிக்கும், இரண்டாம் தரம் போட்டுக்கொண்டான். மிச்சத்தைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். நிலையத்துக்குக் கூட நடந்தேன். "வேண்டாம் எண்டு சொல்லு," என்று ஒரு தடவை கேட்டேன். இரண்டாம் தரம் கேட்கவில்லை. அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். ரயில் போயிற்று. நான் சொன்னதைக் கேட்பான் என்றுதான் நம்பினேன்.

திங்கள் மத்தியானம் தொலைபேசி. நான் ஒரு கிழவிக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தேன்.

"எல்லாருக்கும் பிடிச்சிட்டுது அக்கா." பிறகு சொன்னான். "ஓம் எண்டிட்டன்."

"சரி," என்றேன். வேறென்ன சொல்வது. அவன் நான் பெற்ற பிள்ளையில்லை, ஆனால் பெற்றவளுக்குப் பதிலாக நான்தான் வளர்த்தேன். கோபத்தில் கத்தவும் வரவில்லை. சூப் ஆறிப்போயிற்று. சூடாக்கிக் கொண்டுவந்து மிச்சத்தைப் பருக்கினேன்.

இதைப் படிக்கிறவர்கள் மறக்கக்கூடாது என்பதற்காகப் போனவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பா. பங்கருக்குப் பக்கத்தில் புதைத்தோம். அந்த இடத்தை இனிக் கண்டுபிடிக்க முடியாது.

அம்மாவுக்கு முன் விழுந்த பெண். பெயர் தெரியாது. பச்சைச் சட்டை.

அம்மா. உடல் இல்லை. சாம்பல் இல்லை. திதி இல்லை.

சேட்டில்லாத மனிதர். என்ன ஆனார் என்று தெரியாது. நன்றி சொல்லவில்லை.

அம்மா என் தோளில் மாட்டிய பை. போர் முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில் தொலைந்தது. அதற்குள்தான் படங்கள் இருந்தன. அம்மாவின் முகம் இப்போது ஒரு படத்திலும் இல்லை. தம்பிக்கு அது நினைவிலும் இல்லை.

தம்பி இருக்கிறான். சுகமாக இருக்கிறான். ஞாயிறுகளில் பேசுகிறோம்.

இன்னும் ஒன்று. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் இருந்த நேரம். அம்மா தன் உயிரைக் கொடுத்து எங்களுக்கு வாங்கித் தந்தது. இனி எங்காவது ஒரு தாய் ஓடி விழுந்தாலும் அவள் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது.