ஆஸ்பத்திரி ரீல்

...அதெல்லாம் சும்மா சொல்றாக தம்பி, நம்பாதீங்க. நாலாவது வீடுன்னு சொன்னா உடனே கண்டுபிடிச்சிற முடியுமா? இந்தக் கிட்வாய் நகர்ல ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் வித்தியாசம் தெரிய எனக்கே ஏழு வருசம் ஆச்சு. ஒரே மாதிரிச் சுவரு, ஒரே மாதிரிக் கதவு. எங்க வீட்டுக்காரரே ஒருநா ஆபீஸ் விட்டு வந்து, அடுத்த பிளாக்ல ஒரு வீட்டுக்குள்ள போயி, "காப்பி கொண்டா"ன்னு உக்காந்துட்டாக. அந்தப் பஞ்சாபிக்கார அம்மா பாவம், டீ போட்டுக் குடுத்திருக்கு. இவுக குடிச்சிட்டும் வந்திருக்காக!

உக்காருங்க, உக்காருங்க. மன்றத்துச் செகரட்டரி பூவராகவன் வீடு எங்கயும் ஓடிறாது. மீட்டிங் நாலு மணிக்குத்தான? இப்ப மணி மூணேகால். மெட்ராஸ்ல இருந்து ஜனவரி மாசம் ஸ்வெட்டர் இல்லாம டெல்லிக்கு வருவாகளா யாராச்சும்? இந்தாங்க, இவுக மப்ளர். சுத்திக்கோங்க. காதையும் சேத்து... இல்ல இல்ல, காதை மூடாதீங்க. நான் பேசுறது கேக்கணும்ல.

கையில என்ன காயிதம்? ஓ... "உப்புக் கிணறு" படம் மொத்தம் எத்தனை ரீலுன்னு கம்பெனியில எழுதிக் குடுத்ததா? எத்தனை போட்டிருக்கு? அஞ்சு. அஞ்சுதானா... ம். சரி, அதைப் பைக்குள்ளயே வச்சிருங்க. காப்பி பட்டுறப் போகுது.

கடைசி ரீலைக் காணோம்னு எங்க தமிழ் மன்றத்துல இருந்து தந்தி குடுத்ததுக்கு, கம்பெனி ஆளையே அனுப்புவாகன்னு நான் கனாவுலயும் நெனைக்கல. ஓ, வேற சோலியா வந்தீகளா? அப்பிடியே இதையும் பாத்துட்டு வான்னாகளா? அதான பாத்தேன்.

படம்னா எனக்கு உசிரு தம்பி. ஆனா நூறு நாள் ஓடுன படத்தை எங்கிட்டப் பேசாதீங்க. ஊரு பூரா நல்லாருக்குன்னு சொல்ற படம் கல்யாண வீட்டுப் பாயசம் மாதிரி. ஆளுக்கு ஒரு கரண்டி, அம்புட்டுதான். மூணே நாள்ல பெட்டிக்குள்ள போச்சு பாருங்க, அந்தப் படத்தைச் சொல்லுங்க. கல்லெறி வாங்குன படமா? கொண்டாங்க இங்க! ஒரு படத்துல நாககன்னி கோர்ட்டுல வந்து சாட்சி சொல்லும். ஜட்ஜு சத்தியம் பண்ணச் சொல்றாரு. பாம்புக்கு ஏது கை? வாலைத் தூக்கி மேசை மேல வைக்கும்! சிரிக்காதீங்க. கொட்டகையில எல்லாரும் சிரிச்சாக, நான் ஒருத்திதான் அழுதேன். வாலையாச்சும் வச்சு சத்தியம் பண்ணுதேன்னு எனக்கு அழுகை வந்துச்சு. மனுசப்பய எவன் பண்றான்?

போன வருசம் இங்க வெளிநாட்டுப் பட விழா நடந்துச்சு. சென்சார் வெட்டே கிடையாதாம், எடுத்தபடியே போடுவாகளாம். எங்க பிளாக் ஆம்பளைக பூரா லீவு போட்டுட்டுக் கெளம்பிட்டாக. பாலசுப்ரமணியம்னு ஒருத்தர் இருக்காரு, பஜனை கோஷ்டிக்குத் தலைவரு. அவரு முன் வரிசை! இவுகளுக்கு ஆபீஸ்ல ரெண்டு பாஸ் கெடச்சுச்சு. நானும் வருவேன்னு செருப்பை மாட்டிட்டு நின்னுட்டேன். படத்துல என்னங்கிறீக? ஒரு கெழவன் பனிக்குள்ள மாட்டைத் தேடுறான். ரெண்டு மணி நேரமும் அதேதான். மாடு கடைசி வரைக்கும் வரவே இல்ல. ஆம்பளைக ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வெளிய போயிட்டாக. இவுக குறட்டை. நான் மட்டும் கண்ணு கொட்டாம உக்காந்திருந்தேன். அந்தக் கெழவன் மாட்டுக் கயித்தை எடுத்து மோந்து பாப்பான் தம்பி... அடடா! பாஷை தெரிஞ்சு என்ன ஆகணும்? எங்கப்பாவும் மாடு வச்சிருந்தவருதான்.

மறுநா பாலசுப்ரமணியம் எங்கிட்ட வந்து, "படத்துல ஒண்ணுமே இல்லையேம்மா"ன்னாரு. "என்ன இருக்கும்னு போனீக?"ன்னு கேட்டேன். அன்னையில இருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

டிவியில மட்டும் என்ன வாழுதாம்! ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒவ்வொரு பாஷைப் படமாப் போடுறான். நம்ம முறை வர்றதுக்குள்ள வைகாசி போயி ஐப்பசி வந்திருது. வந்தாலும் பரிசு வாங்குன படம். கீழ் வீட்டு ஹிந்திக்கார சட்டா அம்மா பாப்கார்னோட வந்து உக்காந்துச்சு. படம் முடிஞ்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பெஹன்ஜி, உங்க ஊர்ல யாருமே சிரிக்க மாட்டாங்களா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு ரோசம் வந்துருச்சு. "எங்க ஊர்ல 'உப்புக் கிணறு'ன்னு ஒரு படம் இருக்கு, கேளு"ன்னு ஆரம்பிச்சேன். அதுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்தி அரைகொறை. அப்பிடியும் அது மூக்கைச் சிந்துச்சே!

நீங்க அந்தப் படம் பாத்திருக்கீகளா? இல்லையா? கம்பெனியில இருந்துக்கிட்டு பாக்கலையா? சரியாப் போச்சு. அப்ப நானே சொல்லுதேன். செங்கமலம்னு ஒரு பொண்ணு. கட்டிக் குடுத்த வீட்டுல ரெண்டு கிணறு, ஒண்ணு நல்ல தண்ணி, ஒண்ணு உப்புத் தண்ணி. பிள்ளை பெத்தாத்தான் நல்ல கிணத்துல கை வைக்கலாம்னு மாமியா சொல்லிருது. ஆறு வருசம் உப்புத் தண்ணி இறைக்கா. கை பூரா வெடிப்பு. புருசன்காரன் மரம் மாதிரி நிக்கான். ஒருநா, கிணத்தடியில, எல்லாரும் பாக்க... தாலியைக் கழட்டி, உருளையில மாட்டிட்டு, "இந்தாங்க, உங்க வீட்டுக் கயிறு. நீங்களே இறைச்சுக்கோங்க"ன்னுட்டுப் போயிருவா! இடைவேளை!

பாத்தீகளா, பாத்தீகளா, மயிர்க்கூச்செறியுதுல்ல? காப்பி ஆறுது, குடிங்க.

இந்தக் கதையை நான் எத்தனை தடவ சொல்லிருப்பேன்! குளிர்காலத்துல மத்தியானம் எல்லாப் பொம்பளைகளும் புல்தரையில வெயிலுக்கு உக்காந்து ஸ்வெட்டர் பின்னுவோம். "பூங்கோதையக்கா, ஆஸ்பத்திரி சீனைச் சொல்லுங்க"ம்பாக. அதுதான் கடைசி சீனு. பத்து வருசம் கழிச்சு செங்கமலம் பெரியாஸ்பத்திரியில நர்ஸு. வெள்ளைச் சேலை, தலையில தொப்பி. புருசன் கை ஒடிஞ்சு வந்து வரிசையில நிக்கான். அவனுக்கு அடையாளம் தெரியல. இவ கட்டுப் போடுறா. பாதிக் கட்டுல தெரிஞ்சிருது. "செங்கமலம், வீட்டுக்கு வந்திரு"ன்னு அழுகுறான். அவ முடிச்சை இறுக்கி, மிச்சத் துணியைக் கத்திரியால வெட்டி, வாசலைப் பாத்துச் சொல்லுவா, "அடுத்த ஆளு!"

எப்பிடி? அனந்தலக்ஷ்மின்னு எதுத்த வீட்டுப் பொண்ணு, அவ புருசன் கோவிச்சுக்கிட்டு நின்னா "அடுத்த ஆளு!"ங்கிறா. ரேஷன் கடை வரிசையில கூட எங்க பொம்பளைக அதைத்தான் சொல்றது.

எல்லாருமாச் சேந்து பூவராகவன் உசிரை எடுத்துட்டோம், இந்தப் படத்தை வரவழைங்கன்னு. அவரு ரெண்டு வருசம் மெட்ராசுக்கு எழுதினாரு. கடைசியா போன வாரம் பெட்டி வந்து எறங்குச்சு. தானே ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயி, பார்சல் ஆபீஸ்ல வாங்கி, ஸ்கூட்டர் ரிக்‌ஷாவுல மடியில வச்சுக் கொண்டாந்தாரு, பச்சப் பிள்ளையைக் கொண்டாற மாதிரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கம்யூனிட்டி ஹால்ல உக்கார எடமில்ல. சட்டா அம்மா கூட வந்துச்சு.

கிணத்தடி சீனுக்குக் கைதட்டல் பாருங்க! அப்புறம் இடைவேளை முடிஞ்சு... என்னத்தச் சொல்ல. செங்கமலம் போறா, மழை பெய்யுது, ஒரு சாமியார் பாட்டுப் பாடுறாரு. அந்தப் பாட்டு முடியுமுன்ன இவளுக்குப் புத்தி வந்துருது! திரும்பி வந்து மாமியா கால்ல விழுதா. உருளையில தொங்குன தாலியை எடுத்துப் புருசன் கட்டுறான். எல்லாரும் நல்ல தண்ணியை மாத்தி மாத்தி ஊத்திக்கிட்டுச் சிரிக்காக. வணக்கம்!

வெளக்கைப் போட்டா ஒருத்தரும் எந்திரிக்கல. "ஆஸ்பத்திரி எங்க?"ன்னு ஒரு குரல். அவ்வளவுதான். அனந்தலக்ஷ்மி சேர் மேல ஏறிட்டா. "பொம்பளை ஜெயிக்கிற ரீலை வெட்டிட்டாக"ன்னு கத்துறா. பாலசுப்ரமணியம், "வெட்டல, பார்சல் ஆபீஸ்லயே ஒரு ரீலை விட்டுட்டு வந்துட்டாரு, பொறுப்பில்லாத ஆளு"ங்கிறாரு. மெஷின் ஓட்டுன ஆளு ரத்தினவேல், அவன் சட்டையைப் பிடிச்சிட்டாக. சட்டா அம்மா என்னன்னே புரியாம, "அடுத்த ஆளு, அடுத்த ஆளு"ன்னு கூடச் சேந்து கோசம் போடுது!

அந்தப் பூவராகவன் மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. மறுநா காலையில பனி மூட்டம், எதுத்தாப்புல வர்ற மாடு தெரியல. அதுல பார்சல் ஆபீஸ் போயி, சாக்கு சாக்காத் தூக்கித் தேடிருக்காரு. மூணு நாள் அப்பிடிப் போனாரு. இப்ப நெஞ்சுச் சளி. அந்த மனுசனே நம்புறாரு தம்பி, தான் எங்கயோ விட்டுட்டோம்னு! அவரு சம்சாரம் நேத்து வந்து, "எப்பவும் இவர் இப்படித்தான், குடையைக்கூடத் தொலைப்பார்"னு எங்கிட்ட அழுகுது. நான் அது மூஞ்சியப் பாக்காம அடுப்படிக்குப் போயிட்டேன்.

இன்னிக்கு மீட்டிங்ல அவரை எடுத்துட்டுப் பாலசுப்ரமணியத்தைப் போடப் போறாக. அந்த மனுசன் வந்தா சினிமாவே கிடையாதுன்னு சொல்லிட்டாரு. மாசம் மாசம் பஜனைதானாம். மாசத்துல ஒரு நா, ரெண்டரை மணி நேரம், எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா நான் இந்தக் குளிர்ல எதை நெனைச்சுக்கிட்டுப் பாத்திரம் கழுவ?

இருங்க, எங்க எந்திரிக்கீக? அதான் காயிதத்துல அஞ்சு ரீலுன்னு இருக்கு, வந்ததும் அஞ்சுதான், காட்டுனாப் போதும்ங்கிறீகளா? போதாது தம்பி. அங்க என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது. "கம்பெனிக்காரன் பொய்க் காயிதம் கொண்டாந்திருக்கான்"ம்பாக. ஏன்னா பாலசுப்ரமணியம் சொல்லிட்டாரு, அந்த ஆஸ்பத்திரி சீனைத் திருச்சியில தன் கண்ணால பாத்தேன்னு! நர்ஸு தொப்பி கொஞ்சம் சரிஞ்சிருந்துச்சாம்! இப்ப இன்னும் நாலு பேரு பாத்திருக்காக. ஒருத்தருக்கு அந்த ஆஸ்பத்திரி மதுரையில எடுத்ததுன்னு கூடத் தெரியுது!

அவுக யாரும் பாத்திருக்க முடியாது தம்பி.

எப்பிடின்னு கேக்கீகளா... கதவைச் சாத்திருதேன், சட்டா அம்மா வந்திரும்.

சாத்தூர்ப் பக்கம் எங்க ஊர்ல டெண்ட்டுக் கொட்டகையில அந்தப் படம் வந்தப்ப எனக்குப் பதிமூணு வயசு. வீட்டுக்குத் தெரியாமப் போயிட்டேன். கிணத்தடியில தாலியைக் கழட்டுனா பாருங்க, ஊர்ப் பெரியாம்பளைக எந்திரிச்சுட்டாக. செருப்பு பறக்குது, கல்லு பறக்குது, திரை கிழிஞ்சு போச்சு. நான் பெஞ்சுக்கு அடியில. எங்க சித்தப்பா வந்து சடையைப் பிடிச்சு இழுத்தாரு. ராவோட ராவா கொட்டகைக்காரன் படப்பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான். நான் பாத்தது இடைவேளை வரைக்கும்தான். மிச்சத்தை நானும் போன ஞாயித்துக்கிழமைதான் பாத்தேன்!

ஆமா. ஆஸ்பத்திரியும் கிடையாது, ஒரு எழவும் கிடையாது. நானாச் சொன்னது.

மறுநாள்ல இருந்து பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாக. எட்டாவதுதான். எங்க டீச்சர் என்னைய நர்ஸு படிப்புக்கு அனுப்பணும்னு... அதை விடுங்க. வீட்டுக்குள்ள சும்மா உக்காந்திருந்தா செங்கமலம் எங்க போயிருப்பான்னுதான ஓடும்? முதல்ல ரயில் ஏத்திவிட்டேன். அப்புறம் வேலை வாங்கிக் குடுத்தேன். தொப்பி கொஞ்ச நா கழிச்சு வச்சேன். முப்பது வருசம் தம்பி! சொல்லிச் சொல்லி, பொய்யின்னு எனக்கே மறந்து போச்சு. அன்னைக்கு ஹால்ல, அந்தச் சாமியார் பாடும்போது கூட, "இரு, இப்ப ஆஸ்பத்திரி வரும்"னு பக்கத்துல இருந்தவளைத் தட்டிக் குடுத்துக்கிட்டே இருந்தேன்னாப் பாத்துக்கோங்க!

சிரிக்கீகளா? சிரிங்க. இவுகளுக்குக் கூட இன்னும் தெரியாது. அனந்தலக்ஷ்மி மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? உங்களை இம்புட்டு நேரம் பிடிச்சு வச்சதும் அதுக்குத்தான். மீட்டிங் முடியுற வரைக்கும் காப்பி குடுத்துக்கிட்டே இருந்திரலாம்னு பாத்தேன். இன்னொரு டம்ளர் கூட டிகாஷன் இறக்கி வச்சிருக்கேன்.

ஆனா மூணு நாள் சாக்கைத் தூக்கித் தேடிருக்காரே அந்த மனுசன்...

என்ன? என்ன கேட்டீக? ஆஸ்பத்திரி முடிவுதான் நல்லாருக்கா? நெசமாவா? உங்க கம்பெனிக்காரன் எடுத்ததை விடவா? அட போங்க தம்பி! தொப்பி சரிஞ்சிருக்கணுமா நேரா இருக்கணுமா, நீங்க சொல்லுங்க. நேரா. அதான! பாலசுப்ரமணியத்துக்கு என்ன தெரியும்!

மணி என்ன, நாலாகப் போகுதா? எந்திரிங்க, எந்திரிங்க. மப்ளர் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் சேலை மாத்தல, பரவால்ல, இந்தச் சால்வை போதும். காயிதத்தை எடுக்காதீங்க. மொதல்ல நான் பேசுதேன். காணாமப் போன ரீலு எங்கிட்டத்தான் இருந்துச்சுன்னு நானே சொல்லிருதேன். அதுக்கப்புறம் அடிச்சாலும் சரி, சிரிச்சாலும் சரி.

நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க மட்டும் குறுக்க பேசிறாதீங்க, என்ன? இம்புட்டு நேரம் இருந்த மாதிரியே இருங்க. வாங்க, ஜல்தி!