கறுப்புக் கட்டை இல்லாத பாட்டுகள்

எச்சில் தொட்டுத் தாள் புரட்டும் பழக்கம் எனக்கு இல்லை. சுத்தக்காரன் என்று வீட்டில் பெயர். அந்தச் சுத்தத்தினால்தான் அன்றைக்கு இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டன.

எங்களுடையது தேவாலயக் கைமணிக் குழு. நீள மேசை, அதன்மேல் நுரை மெத்தை, பித்தளை மணிகள், வெள்ளைக் கையுறை போட்ட பதினொரு பேர். ஆளுக்கு இரண்டு மணி, அதாவது இரண்டே சுரம். தன் சுரம் வரும்போது அடிக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் மனசுக்குள் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். முன்னால் நின்று கையசைப்பவன் நான். பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பவனும் நானே. பதினொரு பேரில் ஒருவரான என் அண்ணியின் மணிகள் இரண்டு மட்டும்தான் பியானோவில் கறுப்புக் கட்டையாக வரும் சுரங்கள்.

தாள் ஒட்டிய அன்றைக்கு வருடாந்தக் கச்சேரி. அண்ணன் இறந்து ஐந்து வாரம். நிகழ்ச்சியின் கடைசியில் அவனுக்குப் பிடித்த பாட்டு. நடுவில் ஓரிடத்தில் எல்லா மணிகளும் அடங்கி நிற்க வேண்டும். தாள் தாண்டியது தெரியாமல், நான் அண்ணியைப் பார்த்துக் கை காட்டினேன். அவர் என் கையை நம்பினார். முந்நூறு பேர் மூச்சுப் பிடித்திருந்த மௌனத்தில் அந்த ஒற்றை மணி ஒலித்தது. நல்ல பித்தளை; சீக்கிரம் அடங்காது.

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"பாவம், புருஷன் போன துக்கம். கவனம் தப்பிருச்சு" என்றார் பெரிய மணிகளை அடிக்கும் தையல்காரர். அதற்குள் ஒட்டிய தாள்களைப் பிரித்துப் பார்த்திருந்த நான் தலையசைத்தேன். வாயைத் திறக்கவில்லையே, அது பொய்யாகாது என்று தோன்றியது.

அடுத்த வாரம் பாட்டு எடுக்கும்போது, அண்ணியின் சுரங்கள் வருபவற்றை ஒதுக்கி வைத்தேன். மறுபடி அவருக்குச் சங்கடம் வேண்டாமே என்ற அக்கறைதான். ஒதுக்க முடியாத நல்ல பாட்டென்றால், கறுப்புக் கட்டை வராத சுருதிக்கு மாற்றி எழுதினேன். ஆராதனைக்கு, காணிக்கை நேரத்துக்கு, கச்சேரிக்கு என்று இரண்டு வருடத்தில் நாற்பத்தேழு பாட்டுகள். என் வாழ்க்கையில் வேறெதற்கும் இவ்வளவு பாடுபட்டதில்லை.

"என்ன தம்பி, கொஞ்ச நாளா எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாட்டம் இருக்கு?" என்று போதகர் கேட்டார்.

"எளிமை, ஐயா" என்றேன். அடுத்த ஞாயிறு எளிமையைப் பற்றியே பிரசங்கம் செய்துவிட்டார்.

அண்ணி ஒரு வாரமும் தவறவில்லை. கையுறை மாட்டுவார். மணிகளைத் துடைப்பார். உதடு அசைய எண்ணுவார். பாட்டு முடிந்ததும் அடிக்காத மணிகளை மெத்தையில் வைத்துவிட்டுப் போவார்.

பிறகு, கவனம் தப்பியவரிடம் பிள்ளைகளை எப்படி விடுவது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. ஞாயிறு வகுப்பை அவர் பதினெட்டு வருடம் நடத்தியவர். "கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்" என்று வழிமொழிந்தவன் நான். அதற்குப் பின் எல்லோரும் அவரிடம் உரக்க, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசத் தொடங்கினார்கள். பழகிப்போய் நானும் அப்படியே பேசினேன்.

போன வியாழன் ஒத்திகையில் தையல்காரர், "இந்த வருஷம் உங்க அண்ணன் பாட்டப் போடுவோமே" என்றார்.

"வேண்டாங்க. அண்ணிக்குச் சிரமம்" என்றேன். அண்ணி மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

எல்லோரும் போன பிறகு மேசை விரிப்பை அவர் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாக மடித்தோம். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? ரெண்டு வருஷமா ஒரு தடவகூட மணி அடிக்கல. கால் கடுக்க நிக்கிறீங்க. எதுக்கு வர்றீங்க?" வெகுநாளைக்குப் பிறகு மெதுவான குரலில் கேட்டேன்.

அவர் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"ரெண்டு தாளச் சேத்துப் புரட்டுனத அன்னைக்கே பாத்தேன், தம்பி. நான் நிக்கிற எடத்துலருந்து உங்க புத்தகம் நல்லாத் தெரியும். இந்த வாரம் சொல்லுவீங்க, இந்த வாரம் சொல்லுவீங்கன்னுதான் வந்து நிக்கிறேன்."