இன்ஹோவின் ஓநாய்கள்

எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும். வயதானவர்கள் என்றால் பொறுமை இன்னும் கூடிவிடும். என் நண்பன் இன்ஹோ இறந்த மறுமாதம் அவனுடைய அம்மா நாங்கள் காசு கொடுத்துக் கணினியில் விளையாடும் பிசி பாங் கடைக்கு வந்து, "தோக்யுன், என் பையன் விளையாடினதை எனக்கும் கத்துக்குடுப்பா" என்றபோது, நாற்காலியை இழுத்துப்போட்டவன் நான்தான்.

விளையாட்டில் இன்ஹோவின் வீரன் ஓநாய்களை வரவழைத்துச் சண்டையிடுபவன். அவனுக்கு ஒரே உயிர். ஒருமுறை செத்தால் அதோடு முடிந்தது. ஆறு வருடம் சாகாமல் வைத்திருந்தான் இன்ஹோ. அம்மாவுக்கு மகனிடம் மிச்சமிருந்தது அதுதான்.

பத்து மாதம், தினமும் மதியம், கற்றுக்கொடுத்தேன். எந்த விசையை எப்போது அழுத்துவது என்று ஒரு காகிதத்தில் எழுதித் தந்தேன். அழுத்தத் தேவையில்லாத திறன்களும் உண்டு. புள்ளிகளைப் போட்டுவைத்தால் தானாக வேலை செய்யும். ஓநாய்களின் பலத்தைக் கூட்டுவது, எசமானன்மேல் விழும் அடியில் பாதியை அவை வாங்கிக்கொள்வது எல்லாம் அப்படித்தான். அம்மா அந்தத் திறன்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்ததே இல்லை. "அதெல்லாம் நீ பாத்துக்கப்பா, எனக்குத் தலை சுத்துது" என்பார். பார்த்துக்கொண்டேன்.

முதல் வருட நினைவுச் சடங்குக்கு என்னைக் கூப்பிடவில்லை. சங்மினைக் கூப்பிட்டிருந்தார். வாயாடி என்பதைத் தவிர எங்கள் குழுவில் அவனுக்கு வேறு சிறப்பு கிடையாது. படையல் மேசைமுன் விழுந்து வணங்கும் படத்தைக் குழு அரட்டையில் போட்டு, "அம்மா என்னையும் ஒரு மகன்னு சொல்லிட்டாங்கடா, பொறாமையா இருக்கா?" என்று எழுதியிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. பத்து மாதம் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான்.

மறுநாள் அம்மா ஒரு பேரிக்காயோடு வந்தார். "படையல்ல வச்சது. உனக்குன்னு எடுத்து வச்சேன். இன்னைக்குச் சங்மின் என்னைப் பனி ராட்சசன்கிட்ட கூட்டிட்டுப் போறானாம். இன்ஹோ அதை மட்டும்தானே கொல்லாம விட்டான்?"

அவர் கை கழுவப் போனார். நான் அந்தத் திறன் பக்கத்தைத் திறந்து, ஓநாய்களுக்குப் போட்டிருந்த புள்ளிகள் அத்தனையையும் எடுத்து, வீரனிடம் இல்லாத வில்லுக்குப் போட்டேன். வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. ஓநாய்கள் அதே மூன்றுதான்.

ராட்சசனின் இடத்துக்குள் போன நான்கு நொடியில் ஓநாய்கள் விழுந்தன. ஐந்தாவது நொடியில் இன்ஹோவின் வீரன் விழுந்தான். சங்மினுக்கும் ஒன்றும் புரியவில்லை.

அம்மா அழவில்லை. காகிதத்தை எடுத்து ஒவ்வொரு வரியாக விரல்வைத்துப் பார்த்தார்.

"நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா, தோக்யுன்?"

"ஆமாம்மா. நாலாவதை முன்னாடியே அழுத்திட்டீங்க."

அதன்பிறகு அவர் வரவில்லை. வீட்டில் வெறும் மேசைமேல் அந்த விசைகளை வரிசையாக அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறாராம், கஞ்சிகூட இறங்குவதில்லையாம். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அன்று கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் நான் அவரை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.