மெதுவாக நடக்கும் போஸ்ட்மேன்

போஸ்ட்மேன்: ...வாட்ச்லதான் கோளாறு, டாக்டரம்மா. வேணும்னா கழட்டிப் பாருங்க.

பிசியோ: உங்க நடையை அளக்கிற வாட்ச் ஐயா, கோளாறெல்லாம் இல்ல. கையை ஆட்டாதீங்க. போன மாசம் வரைக்கும் குதிரை மாதிரி நடந்திருக்கீங்க. இந்த மாசம் நத்தை... அதுவும் நின்னு நின்னு.

போஸ்ட்மேன்: ரிட்டயர் ஆயிட்டேன்ல. யாருக்குத் தபால் கொடுக்க ஓடணும்?

பிசியோ: நீங்க ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு. கால் மட்டும் இப்பதான் ரிட்டயர் ஆச்சா?

போஸ்ட்மேன்: பார்க்ல வேடிக்கை பார்த்துக்கிட்டே நடப்பேன்...

பிசியோ: விளையாடாதீங்க. இந்த வயசுல நடை குறைஞ்சா உடம்பு தளருதுன்னு அர்த்தம். கீழ விழறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கத்தான் இந்த வாட்ச்சே. எங்க, எந்திரிங்க... கையை ஊனாம. உக்காருங்க. மறுபடி...

போஸ்ட்மேன்: போதுமா, இன்னும் வேணுமா?

பிசியோ: அட! ஸ்பிரிங் மாதிரி எந்திரிக்கிறீங்க. அப்போ பார்க்ல மட்டும் என்ன ஆகுது?

போஸ்ட்மேன்: அங்க... எதிர்க்காத்து.

பிசியோ: ஐயா!

போஸ்ட்மேன்: சரி, சரி... கூட ஒருத்தங்க நடக்கிறாங்க. முட்டி வலி. பாதியில விட்டுட்டு நான் மட்டும் ஓட முடியுமா?

பிசியோ: ஓஹோ! யாரு அது?

போஸ்ட்மேன்: அதெல்லாம் எதுக்கு...

பிசியோ: பேரைச் சொன்னா, உங்க பையன்கிட்ட 'அப்பா ஜோரா இருக்கார்'னு சொல்லிடறேன். இல்லேன்னா வாட்ச் சொல்றதைத்தான் சொல்லணும்.

போஸ்ட்மேன்: ஐயையோ! பெட்டியோட அள்ளிட்டுப் போயிடுவான்மா. அவன் வீடு பதினாறாவது மாடி. இறங்கி நடக்கவே விட மாட்டான்.

பிசியோ: அப்போ பேரு?

போஸ்ட்மேன்: அது மட்டும் முடியாதும்மா.

பிசியோ: போன் போடறேன்.

போஸ்ட்மேன்: போடும்மா. அவங்க வீட்டுல தெரியக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க, நானும் வாக்கு கொடுத்துட்டேன். அப்பா தளர்ந்துட்டார்னே சொல்லு... நான் போயிட்டா அவங்க நடக்கிறதையும் விட்டுடுவாங்க. இப்பதான் பெஞ்சுக்குப் பெஞ்சு உக்காராம ஒரு சுத்து வர்றாங்க. அதை நினைச்சாத்தான் மனசு கேக்கல.

பிசியோ: கண்ணைத் தொடைங்க ஐயா. நான் யாருக்கும் போன் போடல. "மிரட்டிப் பாரு, என் பேரைச் சொல்லிடறாரான்னு பார்க்கலாம்"னு காலையில சொல்லி விட்டதே எங்கம்மாதான்.