ஒன்றரைச் சுற்று

என் பெயரையும் வீட்டு விலாசத்தையும் முதல் தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். வயது நாற்பத்தொன்பது. மணமாகவில்லை. பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் கட்டிக் கொடுக்கும் கூடம் ஒன்றைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அதன் மாடியிலேயே குடியிருக்கிறேன். என் மேல் இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை. என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று புதன்கிழமை காலை பத்து மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். எழுத்தர் வெளியே போயிருந்ததால் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, பதினொன்றே காலுக்கு இதைச் சொல்லத் தொடங்கினேன். காத்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. எனக்காக மற்றவர்கள் காத்திருப்பதுதான் பழக்கம்.

கடந்த ஞாயிறு காலை ஏழு பத்துக்கு, சரளைக்கல் ஆலை வாசலில், சைக்கிளில் இருந்து விழுந்து தாடை எலும்பு முறிந்த தபால்காரம்மா என்னோடு சேர்ந்து சைக்கிள் ஓட்டுபவர். அதற்காக ஆலை வேன் ஓட்டுநரைப் பிடித்து வைத்திருப்பதாகவும், சைக்கிளைச் சரிபார்த்துக் கொடுத்த ஏசி மெக்கானிக்கை இரண்டு தடவை வரவழைத்து விசாரித்ததாகவும் அறிந்தேன். அவர்கள் இருவர் மேலும் தவறு இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தபால்காரம்மாவுக்கு வயது நாற்பத்தைந்து. கணவரைப் பிரிந்து பதினோரு ஆண்டு ஆகிறது. என் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவர் அவர்தான். சென்ற ஆண்டு என் மருத்துவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய மறுநாள், அதே மருத்துவமனையிலிருந்து வந்த உறையை என்னிடம் நீட்டியபடி, "ஞாயித்துக்கிழமை எங்களோட சைக்கிள் ஓட்ட வாங்க பல்லுக்காரரே. மெதுவாத்தான் போவோம்" என்றார். அது பச்சைப் பொய். வேலைக்கே சைக்கிளில் போகிறவர் ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் மிதிக்கிறார். கூட வரும் ஏசி மெக்கானிக்குக்கு வயது முப்பத்தொன்று. அவரைக் கம்ப்ரசர் என்றுதான் கூப்பிடுவோம். மேட்டில் ஏறும்போதும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே ஏறுவார். அப்போது எனக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்காது, கேட்க மட்டும் காது இருக்கும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அதை விளக்கினால்தான் மற்றது விளங்கும் என்பதால் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு ரொட்டிக்கடை வாசலில் கிளம்பி, ஒன்பது கிலோமீட்டர் மேடு ஏறினால் உச்சியில் தண்ணீர்த் தொட்டி வரும். முன்னால் போகிறவர்கள், கடைசி ஆள் வந்து சேரும்வரை அங்கே நிற்க வேண்டும். கடைசி ஆள் நான். அவர்கள் வந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும், வியர்வை காய்ந்திருக்கும், கம்ப்ரசர் தொட்டிச் சுவரில் காலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் போய் ஒரு காலை ஊன்றியதும், "அண்ணன் வந்தாச்சு, கிளம்பலாமா" என்பார். உடனே கிளம்பிவிடுவார்கள். அதிகம் ஓய்வு வேண்டியவனுக்கு ஓய்வே கிடையாது, வேண்டாதவர்களுக்குக் கால் மணி நேரம். இது எந்த ஊர் நியாயம் என்று ஏழு மாதம் மனதுக்குள் திட்டினேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் என்னை விட்டுவிட்டுப் போவார்கள் என்று பயந்தேன்.

ஏழு மாதமும் நான் பார்த்தது தபால்காரம்மாவின் முதுகை. முதல் கிலோமீட்டரில் முழுசாகத் தெரியும், மூன்றாவதில் நீலச் சட்டை மட்டும் தெரியும், ஐந்தாவது கிலோமீட்டர் வளைவுக்குப் பிறகு அதுவும் இருக்காது. வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்காக ஏங்குவேன். ஞாயிறு வந்தால் அவரை ஐந்து கிலோமீட்டர்தான் பார்ப்பேன், அதுவும் பின்பக்கமாக. அதன் பிறகு தொட்டிக்குப் போகும்வரை தனியாக மிதிப்பேன்.

அதன் பிறகு, சென்ற மாதத்துக்கு முந்தைய மாதம், நான் செய்ததைச் சொல்கிறேன். கிளம்பும் முன் அவர்கள் இருவரும் கடைக்குள் போய்த் தண்ணீர் நிரப்புவார்கள், நான் வெளியே மூன்று சைக்கிள்களின் டயர் காற்றையும் பார்ப்பேன். என் கை துல்லியமானது என்று தபால்காரம்மாதான் அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார். பிரேக் கைப்பிடிக்குள் கம்பி நுழையும் இடத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை வெளியே திருகினால் கம்பி இறுகும், பிரேக் கட்டை சக்கரத்தை நெருங்கும். அன்று அவருடைய பின் பிரேக் திருகை அரைச் சுற்று திருகினேன். சத்தம் வராது, கண்ணுக்கும் தெரியாது, கட்டை ரிம்மை மயிரிழை உரசும், அவ்வளவுதான். கடிக்கும்போது எந்தப் பல் எவ்வளவு இடிக்கிறது என்று பார்த்துத் தேய்ப்பது என் தொழில். அந்த மயிரிழை எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டதற்கு: அவர் என் பக்கத்தில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவருக்குக் கெடுதல் செய்யும் எண்ணம் இல்லை. அவர் மேல் கோபமும் இல்லை.

அன்று அவர் ஐந்தாவது கிலோமீட்டர் வளைவில் என் கண்ணிலிருந்து மறையவில்லை. ஏழாவது கிலோமீட்டரில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். கம்ப்ரசர் மட்டும் முன்னால் போய்விட்டார். அதன் பிறகு வந்த நான்கு ஞாயிறுகளிலும் கால் கால் சுற்றாகக் கூட்டினேன், ஆக மொத்தம் ஒன்றரைச் சுற்று. அந்த ஐந்து ஞாயிறும் உச்சிவரை இருவரும் பேசிக்கொண்டே ஏறினோம். எந்தத் தெரு நாய் தபால் பையைக் கண்டால் மட்டும் குரைக்கும், எந்த வீட்டில் வராத கடிதத்துக்காகத் தினமும் ஒருவர் வாசலில் நிற்கிறார், அவருக்காக இவர் அந்த வீட்டு வாசலில் மட்டும் மணியடிக்காமல் எப்படிக் கடந்துபோகிறார் என்பதையெல்லாம் சொன்னார். அவருடைய வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். மேட்டில் அவருடைய முழங்கால் டக்கென்று சத்தம் போடும். இந்த விவரங்கள் வழக்குக்கு வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். எனக்குத் தெரியாது, ஆய்வாளர் காரணம் கேட்டதால் சொல்கிறேன்.

ஐந்தாவது ஞாயிறு தொட்டியடியில் தபால்காரம்மா காலைத் தேய்த்துக்கொண்டே, "இப்பல்லாம் கால் வரமாட்டேங்குது பல்லுக்காரரே. அடுத்த மாசம் இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் குடுக்கலாமா வேணாமான்னு இருக்கு" என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தார். அந்த ஓட்டத்துக்காக அவர் ஓராண்டாகத் தயாராகிவந்தார். நான் "பாத்துக்கலாம்" என்றேன். அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு நோயாளியின் கீழ்ப்பல் செட்டை இரண்டு தடவை கெடுத்தேன். என் ஆசைக்காக ஒருவரைத் தன் உடம்பின் மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டேன் என்று நெஞ்சு அறுத்தது. திருகைப் பழையபடி வைத்துவிடுவது, மறுபடி முதுகைப் பார்த்துக்கொண்டே போவது என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு, கடந்த ஞாயிறு காலை ஐந்து இருபதுக்கு, அவர்கள் கடைக்குள் போயிருந்தபோது, திருகை எண்ணி ஒன்றரைச் சுற்று உள்ளே திருகினேன். வழக்கமாகச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பேன். அன்று தபால்காரம்மா சீக்கிரம் வெளியே வந்துவிட்டதால் பார்க்கவில்லை. என் கூடத்திலிருந்து ஒரு பல்லைக்கூட இரண்டு தடவை சரிபார்க்காமல் நான் வெளியே அனுப்பியதில்லை.

மேட்டில் பிரேக்குக்கு வேலை இல்லை. அவர் பறந்துபோனார். மூன்றாவது கிலோமீட்டரிலேயே நீலச் சட்டை மறைந்தது. நான் செய்த நல்ல காரியத்தின் பலன் என்று நினைத்துக்கொண்டேன். தொட்டிக்கு நான் போனதும் கம்ப்ரசர் வழக்கம்போலக் கிளம்பிவிட்டார். தபால்காரம்மா கிளம்பவில்லை. நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை ஐந்து நிமிடம் நின்று, தன் தண்ணீரைக் கொடுத்து, "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன். சரி என்று ஏறி மிதித்தார்.

இறக்கத்தில் நான் ஏறத்தாழ நூறு மீட்டர் பின்னால் வந்தேன். ஆலை வாசலில் வேன் திரும்பிக்கொண்டிருந்தது. இவரைப் பார்த்ததும் ஓட்டுநர் நிறுத்திவிட்டார். அதை நான் கண்ணால் பார்த்தேன், அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. தபால்காரம்மா தபால் சைக்கிள் பழக்கத்தில் எப்போதும் பின் பிரேக்கைத்தான் முதலில் பிடிப்பார். பிடித்தார், நிற்கவில்லை. அதன் பிறகு முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்ததில் பின்சக்கரம் மேலே தூக்கி, கைப்பிடிக்கு மேலாக விழுந்தார். ஆம்புலன்சைக் கூப்பிட்டது வேன் ஓட்டுநர். தபால்காரம்மாவின் தலையைத் தன் தோள் துண்டின் மேல் தாங்கிப் பிடித்திருந்ததும் அவர்தான். நான் சரளைக்கல்லில் மண்டியிட்டு, தெறித்து விழுந்த அவருடைய முன்பற்கள் இரண்டையும் தேடினேன். பல் சீக்கிரம் கிடைத்தால் சில சமயம் மறுபடி பொருத்தலாம். சரளையும் பல்லும் ஒரே நிறம். ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் உடைந்திருந்தது.

திங்கள் முழுக்க அந்தத் திருகைப் பற்றியே யோசித்தேன். பழையபடி வைத்த பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. என்னால்தான் என்பது மட்டும் தெரிந்திருந்தது. நேற்று செவ்வாய் மாலை மருத்துவமனைக்குப் போனபோது வார்டுக்கு வெளியே கம்ப்ரசர் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம். "அண்ணே, நான் சனிக்கிழமை எண்ணி ஒண்ணரைச் சுத்துதான் தளர்த்தினேன். புடிச்சும் பாத்தேன், நல்லா நின்னுச்சு. அப்புறம் எப்படிண்ணே?" என்று கேட்டார். அவர் சனிக்கிழமை சரிசெய்து வைத்ததைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை மறுபடி தளர்த்தியிருக்கிறேன். கட்டை ரிம்மைத் தொடவே வழியில்லாமல் போயிருக்கிறது.

யார் தளர்த்தச் சொன்னது என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்: "அக்காதான். ரெண்டாவது வாரமே கட்டை உரசுதுன்னு நான் காட்டினேன். தெரியும், இருக்கட்டும் விடுன்னாங்க. போன சனிக்கிழமை அவங்களே கொண்டுவந்து, போதும்ப்பா எடுத்துடு, அவரா வாயைத் திறக்கமாட்டாருன்னாங்க. யாரு அக்கான்னு கேட்டேன். சிரிச்சாங்க." கம்ப்ரசருக்கு இன்னும் விஷயம் பிடிபடவில்லை. நான் அவரிடம் முழுவதும் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். எழுந்துபோய்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார், "இதை நான் போலீஸ்ல சொல்லலண்ணே. நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

அதன் பிறகு வார்டுக்குள் போனேன். தபால்காரம்மாவின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள், ஆறு வாரம் பேசக் கூடாது. திருகியதும் நான், தளர்த்தியதும் நான் என்று கட்டிலருகே நின்றபடியே சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு காகிதம் கேட்டுக் கையை நீட்டி, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வெளியே வந்துதான் படித்தேன்.

அந்தச் சீட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். மற்ற எந்தப் பொருளையும் நீங்கள் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், சீட்டு மட்டும் எனக்குத் திரும்ப வேண்டும். இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுக்கு முன் தபால்காரம்மா ஒரு கடைவாய்ப் பல்லுக்கு அச்சு கொடுத்திருந்தார். ஆறு மாதம் ஆனால் பழைய அச்சுகளை உடைத்துப் போடுவது எங்கள் கூடத்து வழக்கம். அவருடையதை நான் உடைக்கவில்லை. இடது முன்பல் வலதின் மேல் லேசாக ஏறியிருப்பது அதில் அப்படியே இருக்கிறது. அவர் சம்மதித்தால் அந்த இரண்டு பற்களையும் நான் செய்துதருகிறேன். என் கை பட்டது வேண்டாம் என்றால் அச்சை வேறு கூடத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். வழக்கில் எனக்கு என்ன தண்டனை வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். வேன் ஓட்டுநரை இன்றே வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சீட்டில் இருப்பதைப் பதிவுக்காகப் படிக்கும்படி ஆய்வாளர் சொன்னதால் படித்தேன்: "மெதுவா வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்திருப்பேன்."

மேற்கண்டவை அனைத்தையும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே சொன்னேன். எழுத்தர் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது. ஏழாம் பத்தியில் "ஆசைப்பட்டேன்" என்பது வழக்குக்குத் தேவையில்லை, "நட்பின் காரணமாக" என்று மாற்றிவிடலாமா என்று எழுத்தர் கேட்டார். மாற்ற வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிக் கீழே கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)