இடது பக்கம் சத்தம் கம்மி

– கன்னையா அண்ணே, கெஞ்சாதீங்க லா. ஆறு மணிக்கு வீடியோ யூடியூப்ல ஏறிடும். நீங்க செஞ்ச பாட்டு பிளேயர்ல இடது பக்கம் சத்தம் கம்மி. கேட்டதத்தான் சொல்லியிருக்கேன்.

– கெஞ்சலப்பா பிரவின். சுங்கை வேயிலருந்து மோட்டார் பைக்ல பிரிக்பீல்ட்ஸ் வந்ததே ஒண்ணு கேக்கத்தான். என்னோடத எதோட வச்சுப் பாத்த?

– ஜப்பான் பிளேயரோட.

– ரெண்டையும் ஒரே நாள்லயா கேட்ட?

– அத போன மாசமே கேட்டு நோட்டுல எழுதிட்டேன். இந்தா பாருங்க, ‘இடது, வலது ரெண்டும் சமம்’. உங்களோடத நேத்துதான் கேட்டேன்.

– அட என்னப்பா நீ! ஃபேக்டரில இருபத்திரெண்டு வருஷம் ஸ்பீக்கர் செக் பண்ணவன் நான். காலையில கேட்டத சாயந்தரம் நம்புனா சூப்பர்வைசர் திட்டுவாரு. நீ போன மாசத்த நம்புற.

– என் காது அண்ணே இது. முப்பதாயிரம் பேரு இத நம்பித்தான் வாங்குறாங்க.

– அதான் ஓடி வந்தேன். ஃபேக்டரி மூடுனப்புறம் இருந்த காசெல்லாம் போட்டு இத செஞ்சேன். நூத்தம்பது பீஸ் வீட்டு ஹால்ல கெடக்கு. உன் வாயிலருந்து அந்த ஒரு வார்த்த வந்தா எவன் தொடுவான்?

– அதுக்காக என்னப் பொய் சொல்லச் சொல்றீங்களா?

– பொய் வேணாம் தம்பி. ரெண்டு பிளேயரையும் எடு. நீ ரெக்கார்டு பண்ணுனியே அந்த நாதஸ்வரம், ரெண்டு காதுலயும் ஒரே அளவா வரணும்ல? அத என் முன்னாடி கேளு.

– சீரியஸாவா? சரி, முதல்ல உங்களோடது... ம்ம். பாத்தீங்களா, இடது பக்கம் டல்லு.

– இப்ப ஜப்பான்காரன்.

– இருங்க. கொஞ்சம் சத்தம் ஏத்திக்கிறேன்.

– ஏத்தாத. ரெண்டும் ஒரே அளவுல இருக்கணும்னு வீடியோவுக்கு வீடியோ சொல்றவன் நீ. எந்தப் பக்கம் கம்மி?

– இடது.

– அவனுக்குமா?

– இயர்ஃபோன் போயிருச்சு. ஆமா லா, இயர்ஃபோன்தான் கோளாறு.

– இருக்கலாம். இடது காதுல இருக்கறத வலதுல மாட்டு, வலதுல இருக்கறத இடதுல. இயர்ஃபோன் கோளாறுன்னா கம்மி சத்தம் வலது காதுக்குப் போகணும்.

– எனக்கே பாடமா?

– மாட்டு.

– மாட்டிட்டேன்.

– இப்ப?

– அண்ணே, நீங்க பக்கத்துல நின்னு டென்ஷன் பண்றீங்க.

– எந்தக் காதுல கம்மி பிரவின்?

– ...இடதுலதான்.

– அப்ப கோளாறு இயர்ஃபோன்ல இல்ல.

– சளி அண்ணே. சளி பிடிச்சா காது அடைக்கும்ல.

– எத்தன நாளா?

– போன வாரம்... இல்ல, மூணு வாரமா இருக்கும். சளி போயிடுச்சு. அடைப்பு மட்டும் போகல.

– இயர்ஃபோனக் கழட்டு. வலது காத விரலால நல்லா அடைச்சு, கண்ண மூடிக்க. இடது பக்கம் நின்னு உன் பேரச் சொல்லுவேன். கேட்டா கையத் தூக்கு, நான் பேசாம வீட்டுக்குப் போறேன். கேக்கலன்னா வீடியோவ நிறுத்து.

– டீல். கேக்கும் பாருங்க. அடைச்சிட்டேன், சொல்லுங்க... அண்ணே?... வெளாடாதீங்க லா, ஏன் சும்மாவே நிக்கிறீங்க? இந்தா, விரல எடுத்துட்டேன். எப்பத்தான் ஆரம்பிப்பீங்க?

– நாலு தடவ கூப்பிட்டுட்டேன் தம்பி.