ஆவியும் நூறு டிகிரி

— மெதுவாப் பேசுங்க டீச்சர். பொண்ணு தூங்குது. வார்டே நம்மளப் பாத்துக்கினு இருக்குது.

— பாக்கட்டும் பிரேம்நாத் சார், நல்லாப் பாக்கட்டும். பத்தாங்கிளாஸ் பொண்ணு, வலது கையில முழங்கை வரைக்கும் கட்டு. அபிநயா எந்தக் கையால பரீட்சை எழுதும்? உங்க கையாலயா?

— நான் என்ன புடிச்சா தள்ளினேன்? அவங்க வீட்டுச் சாயப் பட்டறை. பட்டு நூல் வேவுற அண்டா. மூடியத் தொறந்தது அவ.

— ஏன் தொறந்தா? கிளாஸ்ல என்ன சொன்னீங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்க.

— கொதிக்கிற தண்ணியும் நூறு டிகிரி, ஆவியும் நூறு டிகிரி, ரெண்டுலயும் வெப்பம் ஒண்ணுதான்னேன். பசங்களுக்கு சிம்பிளாப் புரியட்டும்னு சொல்றதுதான்.

— வெப்பநிலை ஒண்ணு சார்! வெப்பம் எப்படி ஒண்ணாகும்? தண்ணி ஆவியாகறப்ப வாங்கிக்கினு போன வெப்பம் அத்தனையும், அந்த ஆவி தோல்ல பட்டுத் தண்ணியாகறப்ப அங்கதான் எறங்கும். உள்ளுறை வெப்பம்னு புத்தகத்துல எதுக்குப் போட்டிருக்குது, அழகுக்கா?

— ஐயோ, ஆரம்பிச்சிட்டீங்களா! நிறை வேற, எடை வேற, வேகம் வேற, திசைவேகம் வேற. உங்க கிளாஸ்ல பசங்க வாயத் தொறக்கவே பயப்படுதுங்க. என் கிளாஸ்ல சிரிச்சிக்கினு படிக்குதுங்க.

— சிரிச்சிக்கினு படிச்ச கை எப்படி வெந்து கெடக்குது பாருங்க. அதோட, சாயத்துல விரல விடற கதை வேற சொன்னீங்களாமே?

— அது உதாரணம் டீச்சர். சூடு பதம் பாக்கறதுக்கு அவங்கப்பா விரலப் பச்சத் தண்ணியில நனைச்சுக்கினு, சாயத்துல படக்குனு வுட்டு எடுப்பாரு. பட்டறைத் தெருப் பசங்க எல்லாம் பாத்ததுதானே? சாயத்துல ஒண்ணும் ஆகல, ஆவியிலயும் ஆகாதுன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— பேச்சுக்கா! நனைச்ச விரலு படக்குனு வெளிய வந்துடும், ஆவி அப்படியா வுடும் சார்?

— வாய் தவறி ஒரு வார்த்த மாறிப்போச்சு நஸ்னீன் டீச்சர். ஒரே ஒரு வார்த்த. அதுக்காக என் வேலைக்கு வேட்டு வெச்சிடாதீங்க. பெரிய காஞ்சிபுரம் பூரா என் பேரு நாறிடும். நாளைக்கு ஹெச்.எம். கேட்டாங்கன்னா, பொண்ணு வெளையாட்டாக் கைய நீட்டிடுச்சுன்னு சொல்லுங்க. அவங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்.

— வெந்தவ மேலயே பழியா? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?

— பின்ன? சொன்னதக் கண்ண மூடிக்கினு நம்பினது அவ தப்புதானே?

— நான் நம்பல சார்.

— அபிநயா! முழிச்சிக்கினா இருக்கே?

— தூங்கவே இல்ல மிஸ். சார் வாய் தவறல. நான் எழுந்து, வெப்பநிலைதான் சார் ஒண்ணு, வெப்பம் ஆவியிலதான் ஜாஸ்தின்னு சொன்னேன். போன வருஷம் நீங்க சொல்லிக் குடுத்தது. எல்லாரும் சிரிச்சாங்க. "பெரிய விஞ்ஞானி! போய் உங்க பட்டறை ஆவியில கைய வெச்சுப் பாத்துட்டு வா, அதுவரைக்கும் வெளிய நில்லு"ன்னாரு. வெச்சுப் பாத்துட்டேன் சார். இப்ப கிளாசுக்குள்ள வரலாமா?